உடைந்த வளையலின் விட்டம்

எங்கள் வீட்டில் மூடிகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் உப்பு டப்பாவின் மூடி, அடுத்து மாத்திரைப் புட்டியின் மூடி, பிறகு தைல டப்பாவின் மூடி. ஒரு காலையில் சர்க்கரை டப்பாவும் மொட்டைத் தலையோடு நின்றது. எனக்கு முன்பே எறும்புகள் வந்து வரிசை கட்டியிருந்தன. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் எடுக்கவில்லை என்றால் எடுத்தது யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

அந்த இன்னொருவர் என் கணவர், தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே மிஷின், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, துணி வெட்டுகிற நீள மேசை. மூடிகள் எங்கே என்று கேட்டேன். தலையைத் தூக்காமல், எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார். திருகு மூடியைக் கழற்றத் தெரிந்த எலி என்றால் சம்பளம் கொடுத்துக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றேன். பதிலுக்கு மிஷினை மிதித்தார். அவருக்குப் பேச விருப்பமில்லாதபோது மிஷின் பேசும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கம்தான்.

தொழிலில் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பழைய சட்டையைக் கொண்டுவந்து, இதே அளவில் ஒன்று தைத்துக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் நடக்காது. கண்ணாடிக்கு மேலே பலகையே மாட்டி வைத்திருக்கிறார்: 'பழைய அளவில் தைப்பதில்லை. ஆள் நேரில் வரவும்.' வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு, படுக்கையில் கிடக்கிற பெரியவருக்கு என்று என்ன காரணம் சொன்னாலும் ஒரே பதில். "போன வருஷத்து உடம்பு இந்த வருஷமும் இருக்குமா? ஆள் வரணும்." எங்கள் மகள் பேசக் கற்றுக்கொண்ட காலத்தில் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகச் சொன்னது அதைத்தான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஆள் வணும், ஆள் வணும்" என்று கண்ணாடி முன்னால் நடைபோடுவாள்.

மகளைப் பற்றி இவ்வளவு சுலபமாக நான் பேசுவது இங்கே மட்டும்தான். வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது. தனக்குப் பிடித்தவரோடு வாழப் போகிறேன் என்று பெட்டியும் கையுமாக அவள் கிளம்பிய நாளில், இவர் வாசலில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவள் கையை உருவிக்கொண்டாள். பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்றார். அவளும் அந்த அப்பாவுக்குப் பிறந்த பெண்தானே, மிதிக்கவில்லை. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அது நடக்கவும் தொடங்கிவிட்டது. இதெல்லாம் எனக்குப் போனில் தெரியும். அலுவலகத்தின் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, திருட்டுத்தனமாகக் காதலிக்கிற பெண்ணைப் போல நான் என் மகளோடு பேசுவேன்.

அந்த வாரம் அவள் சொன்ன செய்தியில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த மாதம் அவர்கள் கடல் கடந்து வேலைக்குப் போகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு எங்கள் ஊருக்கு வருகிறாள், ஒரு பகல் மட்டும். தோழி வீட்டில் இருந்துவிட்டு மாலை ரயிலில் போய்விடுவாள். "அப்பா கொஞ்சமாவது மாறியிருக்காராம்மா? பார்த்துச் சொல்லு. நீ வான்னு சொன்னா வீட்டுக்கு வர்றேன். இல்லைன்னா வேண்டாம், குழந்தை முன்னால மறுபடியும் ஒரு சண்டை வேண்டாம்" என்றாள்.

மாறியிருக்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது? மெல்ல நூல் விட்டுப் பார்க்கலாம் என்றால், நூலிலேயே பிழைப்பு நடத்துகிற மனிதரிடம் அது செல்லுபடியாகாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். என்ன யோசனை என்று கேட்டால், காலர் பற்றி என்பார்.

அவர் பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. மேசைக்கு அடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என் மூடிகள் எல்லாம் இருந்தன, கூடவே ஒரு டீ கப், ஒரு பாபின், பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாக்கட்டியால் கீறிய சின்னக் கோடுகள். சாக்கட்டிப் பெட்டியைத் திறந்தேன். கட்டிகளுக்குக் கீழே, லைனிங் துணியில் சுற்றி, பச்சைக் கண்ணாடி வளையலின் ஒரு துண்டு. என் சுண்டுவிரலின் இரண்டு கணு நீளம்கூட இருக்காது.

அவர் என்ன செய்கிறார் என்பது அப்போதே புரிந்துவிட்டது. அந்தத் துண்டின் வளைவுக்குப் பொருந்துகிற வட்டத்தைத் தேடியிருக்கிறார். நானும் வைத்துப் பார்த்தேன். மாத்திரை மூடியைவிடப் பெரிய வட்டம், உப்பு மூடியைவிடச் சின்னது. நடுவில் எது என்று சொல்ல வீட்டில் மூடி இல்லை.

எதற்காகத் தேடுகிறார் என்பதுதான் புரியவில்லை. துண்டு எந்த வளையலுடையது என்று தெரிந்தால் புரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் பச்சை வளையல் இரண்டு முறை உடைந்திருக்கிறது. ஒன்று, அவள் கிளம்பிய நாளில். மற்றது அவள் தத்தி நடந்த வயதில். ஓடுகிற மிஷினின் சக்கரத்துக்குள் கையை விட்டாள். வளையல் நொறுங்கியது, கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இவர் மிஷின் பக்கமே போகாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பிய நாளின் வளையல் என்றால் சாக்கட்டிப் பெட்டியில் இருப்பது கோபம். குழந்தை வளையல் என்றால் அது வேறு.

துண்டை எடுத்துக்கொண்டு போக முடியாது, எடுத்தால் தெரிந்துவிடும். கைப்பையில் வரைபடத்தாள் இருந்தது. அதன் மேல் துண்டை வைத்து உள்விளிம்பை ஒட்டி மூன்று புள்ளிகள் குத்திக்கொண்டேன். வளையலுக்கு உள்விட்டம்தானே அளவு. மூன்று புள்ளி போதும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு வட்டம்தான் போக முடியும், இன்னொன்றுக்கு இடமே கிடையாது. மகளையும் சேர்த்தால் எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான், ஒரு நாளும் ஒரே கோட்டில் நின்றதில்லை. ஆனால் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது என்று நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இவளுக்கு எப்படி இதெல்லாம் என்று கேட்பீர்கள். பாடப்புத்தகம் அச்சடிக்கிற இடத்தில் கணக்குப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. எழுத்துப் பிழை பார்க்க ஆள் நிறைய உண்டு. குறி விட்டுப்போனதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவள் நான் ஒருத்திதான். கழித்தல் கூட்டலாக மாறியிருந்தால் பக்கத்தைத் திறக்கும்போதே எனக்கு மூக்கு வேர்த்துவிடும். அங்கே என் பெயர் மைனஸ் அக்கா. குறி பார்க்கிறவளாச்சே, எங்களுக்கும் ஒரு குறி சொல்லுங்கள் என்று கையை நீட்டிக் கேலி செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கீழே அச்சு இயந்திரம் ஓடுகிற அதிர்வு மேசை வழியாக முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. மையின் வாசனைக்குத் தூக்கத்தை அழைத்துவருகிற குணம் உண்டு. என் முன்னால் இருந்த புரூஃப் பக்கமும் ஆயத்தொலை வடிவியல்தான், வட்டத்தின் சமன்பாடு. இன்னும் பார்த்து முடிக்காத பக்கம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் தாளை விரித்தேன். ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். என் புள்ளிகள் (12, 34), (25, 35), (33, 31).

பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் செருகிவிட்டது. வரைபடத்தாள் ஓர் ஊராக விரிந்தது. நேர்நேரான தெருக்கள், ஒவ்வொரு முனையிலும் எண் போட்ட கம்பம், ஆள் நடமாட்டமே கிடையாது. வெளிர்நீல வெளிச்சம். கிழக்கே பன்னிரண்டு தெரு நடந்து வடக்கே முப்பத்து நாலு தெரு ஏறினேன். அந்த முனையில் என் மகள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சின்னக் குழந்தையாக நின்றாள். அடுத்த முனையில் பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். மூன்றாவது முனையில் பெட்டியும் கையுமாக. மூன்று பேரும் தெற்கே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மிஷின் ஓடுகிற சத்தம் வந்தது. நான் சத்தத்தை நோக்கி நடந்தேன். நடக்க நடக்கத் தெரு நீண்டதே தவிர ஆள் தெரியவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது, பயமாக இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் என்று யாரோ சொன்ன மாதிரியும் இருந்தது.

முழங்கை வழுக்கியதில் விழித்துக்கொண்டேன். அந்த மயக்கம் தெளியாமலே கணக்கைப் போட்டேன். பொதுச் சமன்பாட்டில் மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டால் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் முடிச்சு தானாக அவிழும். அவிழ்ந்தது.

x² + y² − 40x − 30y + 200 = 0

பாடத்தில் x-இன் கெழுவில் பாதி g, y-இன் கெழுவில் பாதி f, கடைசியில் நிற்கிற தனி எண் c. மையம் (−g, −f). இங்கே கழித்தலை மறக்கிறவர்கள் எத்தனை பேர். நான் மறக்கவில்லை. மையம் (20, 15) என்று எழுதிவிட்டு ஆரத்துக்கான வாய்பாட்டைப் பக்கத்தில் கிடந்த புரூஃபைப் பார்த்துப் போட்டேன். இருபதின் வர்க்கமும் பதினைந்தின் வர்க்கமும் 625, அதோடு 200 சேர்ந்து 825. வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் இருபத்தெட்டே முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விட்டம் இரண்டே கால் அங்குலம், அதாவது இரண்டும் பதினாறில் நாலு பங்கும். கடையில் ரெண்டு நாலு என்று கேட்டு வாங்குகிற அளவு. வளர்ந்த பெண்ணின் அளவு. என் மகள் கிளம்பிப் போன நாளில் போட்டிருந்த அளவு.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அந்த நாளின் துண்டைப் பொறுக்கி, துணியில் சுற்றி, இத்தனை வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாரே, என்ன மனிதர் இவர். கோபத்துக்கும் அளவு எடுத்து வைத்துக்கொள்வாரா? பின்படிக்கட்டுக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். அவர் மனசு இளகவில்லை, வீட்டுப் பக்கம் வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே தோழி வீட்டுக்கு வருகிறேன் என்றேன். "சரிம்மா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மேசைக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பெண் வந்து நின்றாள். "அந்த வட்டப் பக்கம் முடிஞ்சுதா அக்கா? கீழே கேக்குறாங்க" என்றாள். இதோ என்று பக்கத்தை இழுத்தேன். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் காம்பஸால் ஒருமுறை வரைந்து பார்க்காமல் படம் உள்ள பக்கத்தை நான் விடுவதில்லை. புத்தகத்தின் எடுத்துக்காட்டில் இருந்த மையத்தில் முள்ளை ஊன்றி, அவர்கள் சொன்ன ஆரத்துக்கு விரித்துச் சுற்றினேன். வட்டம் ஒரு புள்ளியையும் தொடாமல், சம்பந்தமில்லாதவர்களைப் போல வெளியே ஒதுங்கிப் போயிற்று.

மேலே வாய்பாட்டைப் பார்த்தேன். √(g² + f² + c) என்று அச்சாகியிருந்தது. cக்கு முன்னால் கழித்தல் வர வேண்டும். சிவப்பு மையால் திருத்தினேன். திருத்தும்போதே கை நின்றுவிட்டது.

நான் பார்த்துப் போட்டது இந்தப் பக்கத்தை. பிழை பார்க்கிறவள், பார்த்து முடிக்காத பக்கத்தை நம்பியிருக்கிறேன். அதுவும் எந்தக் குறிக்காக எனக்குப் பெயரே வைத்திருக்கிறார்களோ அந்தக் குறியில். 625-இல் 200 போனால் 425. ஆரம் இருபது புள்ளி ஆறு. காம்பஸை அந்த அளவுக்குச் சுருக்கி, என் தாளில் (20, 15)இல் ஊன்றிச் சுற்றினேன். பென்சில் முதல் புள்ளியைத் தொட்டது, இரண்டாவதைத் தொட்டது, மூன்றாவதையும் தொட்டுவிட்டு மிச்ச தூரத்தை மெதுவாகச் சுற்றி வந்து சேர்ந்தது. எவ்வளவு சின்ன வட்டம். விட்டம் நாற்பத்தொரு மில்லிமீட்டர். ஓர் அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் பத்துப் பங்கும். கடைக்காரர் பாஷையில் ஒண்ணு பத்து. தத்தி நடக்கிற குழந்தையின் கை அளவு.

அப்போதுதான் மற்றதும் நினைவுக்கு வந்தது. மூடிகள் காணாமல் போகத் தொடங்குவதற்கு முந்தின நாள் மகள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். குழந்தை யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு நிற்கிற படம். அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கடையின் இஸ்திரி மேசையிலேயே மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது போன் கொஞ்சம் தள்ளி, திரையை மேலாக வைத்துக் கிடந்தது. இவர் அதன் பக்கத்தில் இல்லை, வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் அமைக்கிற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னக்கா, ரொம்பப் பெரிய தப்பா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் திருத்தியாகிவிட்டது என்றேன்.

வீடு திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவிளக்குகள் பொழுது சாயும் முன்பே எரிந்தன. குட்டைகளில் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டம் போட்டது. போட்ட உடனே அது பெரிதாகி, பக்கத்து வட்டத்துக்குள் நுழைந்து கரைந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எத்தனை மையங்கள். எல்லாவற்றின் நடுவிலும் யாரோ உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. தூக்கக் கலக்கம்தான், வேறென்ன. ஆனால் மத்தியானம் கனவில் நீண்டுகொண்டே போன தெரு இப்போது காலடியில் சுருங்கிக்கொண்டு வந்தது.

கடையில் அவர் தனியாகத்தான் இருந்தார். வரைபடத்தாளை வெட்டுமேசையில் விரித்து வைத்தேன். பக்கத்தில் அந்தத் துணிப்பையையும் கவிழ்த்தேன். மூடிகள் உருண்டன.

"என்ன இது?" என்றார்.

"எலி தேடிட்டிருந்த மூடி. கடையில ஒண்ணு பத்துன்னு கேக்கணும்."

மறுப்பார், மிஷினை மிதிப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய்ச் சாக்கட்டிப் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துவந்தார். பென்சில் கோட்டின் மேல் வைத்தார். அது தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. துண்டு இல்லாத மிச்சக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு சின்னதா?" என்றார். "அந்தக் கை இதுக்குள்ளயா போயிட்டு வந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"படத்துல அந்தப் பொடிசு கை சும்மா இருந்துச்சு" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "இதே வயசுதான். இதே அளவுதான் இருக்கும். வாங்கி உன்கிட்ட குடுத்தா நீ எப்படியாவது சேர்த்துடுவேன்னு தெரியும்."

பின்படிக்கட்டு வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார், கல்லுளிமங்கன். அப்போதே கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் எறும்பு ஓட்டிய கோபம் எனக்கும் இருந்தது. கண்ணாடிக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினேன்.

"அதைக் கொஞ்சம் படிங்க."

படித்தார். அவரே எழுதியதுதான். திரும்பி வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதியின் மேல் காலை வைத்தார். மிஷினில் துணி இல்லை. காலை எடுத்துவிட்டார். வெளியே மழை வலுத்தது. கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார், பிறகு பிரித்தார்.

"சரி. ஆளை வரச் சொல்லு."

"அந்த ஆளு தனியா ரயிலேறி வருமா?"

"தூக்கிட்டு வர்ற ஆளும் வரட்டும்" என்றார். நாடாவை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு, "அதுக்கும் அளவு எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார்.

போனை எடுத்தேன். இந்த முறை படிக்கட்டைத் தேடவில்லை, கடை நடுவிலேயே, கண்ணாடி முன்னால் நின்று கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். மத்தியானம் சொன்னது தப்பு, ஒரு குறி மாறிப்போச்சு என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அளவு எடுக்கணுமாம். ஆள் வரணுமாம்."

அவள் குரல் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னதாக.

"ஆள் வணுமா?"

வணும், வணும் என்றேன். போனை அவரிடம் கொடுக்கலாம் என்று திரும்பினேன். முன்னறையில் அவர் இல்லை, மேசையில் மூடிகளும் இல்லை. சமையலறையில் விளக்கு எரிந்தது. சர்க்கரை டப்பாவுக்கு உப்பு டப்பாவின் மூடியைப் போட்டு, ஏன் சேரவில்லை என்று திருகிக்கொண்டிருந்தார்.